பிள்ளை ஆட்டத்தை நிறுத்தினால் பெற்றவர்கள் செய்ய வேண்டியது: ஒரு கீப்பரின் அப்பா சொல்கிறேன்

எனக்கு ஊர் கோவில்பட்டி, தொழில் தையல். மகள் ஹாக்கி கோல்கீப்பர். ஏழாம் வகுப்பில் காலில் பேட் கட்டியவள், கல்லூரிக் கடைசி வருஷத்தோடு நிறுத்திவிட்டாள். எங்கள் ஊரில் இது ஒரு செய்தியே இல்லை. கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பெயர் வாங்கிய இந்த ஊரில் சாயங்காலமானால் தெருவுக்கு நாலு பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு கிளம்பும். அதில் மாரீஸ்வரன் சக்திவேல் மாதிரி இந்திய அணி வரை போகிறவர் எப்போதாவது ஒருவர். மற்ற எல்லாரும் ஏதோ ஒரு வருஷம் நிறுத்துகிறவர்கள்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை, பிளஸ் டூ, கல்லூரி முடிவு, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் நின்றுவிடும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, போலீஸ், வங்கி என்று வேலை கிடைத்தவர்கள் மட்டும் இன்னும் சில வருஷம் ஆடுவார்கள்.

நிறுத்துகிற பிள்ளைக்கு அடுத்து என்ன படிக்கலாம், எங்கே சேரலாம் என்று சொல்ல ஊரே இருக்கிறது. வருஷக்கணக்கில் கிரவுண்டு ஓரத்தில் நின்றே பழகிய அப்பா அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிற அம்மாக்கள் சிலர், "அண்ணாச்சி, உங்க பிள்ளை நிறுத்துனப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?" என்று கேட்பார்கள். அளவெடுக்கும் நேரத்துக்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் எழுதுவது ஹாக்கியை வைத்து. கபடி, வாலிபால், கிரிக்கெட் என்று உங்கள் வீட்டு ஆட்டத்துக்கு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளை சொல்லும் நேரத்தில்

"நிறுத்தப்போகிறேன்" என்று நேராகச் சொல்கிற பிள்ளை அபூர்வம். "இன்னைக்கு வரலைன்னு சார்கிட்ட சொல்லிருங்க" என்பதில் ஆரம்பிக்கும். ஷூ வாய் பிளந்திருக்கும், புதுசு கேட்க மாட்டார்கள். மேட்ச் தேதி வாட்ஸ்அப் குழுவில் வரும், பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் அவள் கடைக்கே வந்தாள். நான் கட்டிங் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கீழே கிடந்த வெட்டுத்துணி ஒன்றை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அப்புறம், "யப்பா, அந்த இடது பேடுக்கு பெல்ட் மாத்த வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் அறிவிப்பு.

இதற்குச் சரியான பதில் "சரிம்மா" என்பதுதான். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் வேண்டாம். காரணம் கேட்காதீர்கள். பிள்ளை பல வாரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கும். உங்களுக்குத்தான் அது அந்த நிமிஷத்துச் செய்தி.

மூன்று பேச்சு மட்டும் வாயில் வரவே கூடாது. முதலாவது, "இவ்வளவு செலவு பண்ணி." கீப்பர் கிட் என்ன விலை என்று எனக்குத் தெரியும், கந்துவட்டிக்காரனுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கைப் பிள்ளை தலையில் எழுதினால், இத்தனை வருஷம் அது ஆடியதெல்லாம் கடன் அடைத்ததாக ஆகிவிடும். இரண்டாவது, "அந்தப் பிள்ளை இன்னும் ஆடுதே." இது ஏன் கூடாது என்று விளக்க வேண்டியதில்லை. மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது பாசம் மாதிரியே இருக்கும்: "இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமே." அந்த ஒரு வருஷம் யாருக்கு வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் விடை தெரிந்துவிடும்.

காரணம் கேட்காதீர்கள் என்றேன். ஆனால் நாலைந்து நாள் கழித்து, தனியாக, கண்டிப்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "அங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா, தப்பா நடந்துக்கிட்டாங்களா?" பெண் பிள்ளை என்றில்லை, ஆண் பிள்ளையிடமும் கேளுங்கள். அம்மா கேட்டால் நல்லது, சில வீட்டில் அத்தை கேட்டால் இன்னும் நல்லது. ஆமாம் என்று பதில் வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிடுங்கள், அது வேறு விஷயம். பதினெட்டு வயதுக்குள் என்றால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

பொதுத்தேர்வுக்காக நிறுத்துகிற பிள்ளையிடம் "இத்தோடு முடிஞ்சது" என்று நீங்களாக முடித்துவைக்காதீர்கள். கல்லூரியில் திரும்ப மட்டை எடுத்தவர்கள் நிறைய. அடிபட்டு நிற்கிற பிள்ளைக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுமில்லை, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அணித் தேர்வில் கழற்றிவிடப்பட்டு நிற்கிற பிள்ளைக்குக் கோபம் இருக்கும், அது நியாயமான கோபமாகவும் இருக்கலாம். உங்கள் கோபத்தை அதோடு சேர்த்து ஊதாமல் இருந்தாலே போதும்.

உங்களுக்கு என்ன போனது என்று எழுதிப் பாருங்கள்

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

பிள்ளை ஆட்டத்தை விட்டதும் நமக்கு ஒரு வெறுமை வரும். "அவ திறமை வீணாப்போச்சே" என்று அதற்கு ஒரு பெயர் கொடுத்துவிடுவோம். பாதி பேருக்கு அது பொய்ப்பெயர். ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், உங்களுக்கு எதெல்லாம் இல்லாமல் போனது என்று வரிசையாக எழுதுங்கள். நான் எழுதியது இப்படி இருந்தது:

நாலரை மணிக்குக் கடையைச் சாத்துவது. கிட் பேக்கை முன்னால் நிற்க வைத்து, அவளைப் பின்னால் உட்கார வைத்து டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டுவது. தண்ணீர் அடித்த செயற்கைப் புல் டர்ஃபின் ஈர வாசம். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் நிற்கிற இடம். மற்ற அப்பாக்கள், அதிலும் முக்கியமாக ஒரு எலெக்ட்ரீஷியன், ஒரு பஸ் கண்டக்டர். ஆட்டம் முடிந்து டீ. "கீப்பர் அப்பா" என்று கூப்பிடுவது. பேடுக்கு பெல்ட் தைப்பது. அவள் பந்தைத் தடுத்துவிட்டு எழுந்திருக்கும்போது ஹெல்மெட் கம்பிக்குள் இருந்து என்னைத் தேடுவது.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் நேராக, இது அவளுடையதா என்னுடையதா என்று குறியுங்கள். என் பட்டியலில் ஹெல்மெட்டுக்குள் இருந்து பார்க்கிற பார்வை ஒன்றுதான் அவள் இல்லாமல் கிடைக்காதது. அது போனது போனதுதான். அதற்காக வருத்தப்படலாம், அழுகை வந்தால் அழலாம், அப்பன் அழக்கூடாது என்று சட்டமில்லை. மீதி அத்தனையும் என் சொந்தச் சமாச்சாரம். டீ, சிநேகிதர்கள், கடையைச் சாத்த ஒரு சாக்கு, கையால் செய்கிற ஒரு வேலை, நாலு பேர் மதிக்கிற ஒரு பெயர். இதையெல்லாம் ஒரு பிள்ளையின் காலில் கட்டி, "நீ ஆடினால்தான் எனக்கு இதெல்லாம் உண்டு" என்பது அநியாயம். அவற்றை நாம்தான் தனியே தேடிக்கொள்ள வேண்டும்.

தேடுவது கஷ்டமில்லை. அந்த எலெக்ட்ரீஷியனுக்கு நான் அடுத்த வாரமே போன் போட்டேன். அவர் மகன் பிளஸ் டூவோடு நிறுத்தியவன். "நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார். இப்போது பழைய கூட்டத்தில் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே டீக்கடையில் உட்காருகிறோம். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது குறைந்து, வட்டி, சர்க்கரை, முழங்கால் வலி என்று பேச்சு போய்விட்டது. போகட்டும்.

பெல்ட் தைக்கிற வேலையை விடவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்காது

என் மனைவி தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவள். மகள் ஆடிய மேட்ச்சுக்கு வந்தால் பெனால்டி கார்னர் நேரத்தில் மட்டும் கிரவுண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். அது எப்படிப்பட்ட நேரம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோல் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். எதிரணி பந்தைத் தள்ளிவிட்டதும் ஓடி வரலாம். அங்கே கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் டி என்கிற அரைவட்டத்தின் முனையில் ஒருத்தி பந்தை நிறுத்துவாள், இன்னொருத்தி இழுத்து அடிப்பாள். பந்து 160 கிராம் சுமார் கனம், கல் மாதிரி கட்டி. பெரிய ஆட்டங்களில் அந்த அடி மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். எல்லாரும் பந்துக்கு வழிவிட்டு ஒதுங்கினால் ஆட்டக்காரர்கள் புத்திசாலிகள். கீப்பர் மட்டும் பந்துக்கு நேராகப் போய் விழ வேண்டும்.

அதனால் மகள் நிறுத்திவிட்டாள் என்று தெரிந்ததும் என் மனைவிக்கு வந்தது நிம்மதி. அன்றைக்கு ராத்திரி ரசம் வைத்து அப்பளம் பொரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த இடத்தில் பல வீட்டில் சண்டை வரும். "உனக்கு ஆரம்பத்துலயே பிடிக்கல" என்று ஒருவர், "உங்க ஆசைக்குத்தானே பிள்ளைய அங்க நிறுத்துனீங்க" என்று இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால் சண்டை நீளும். ஒருவருக்கு நிம்மதி, ஒருவருக்கு வருத்தம், இரண்டும் ஒரே பிள்ளை மேல் வைத்த பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிம்மதியாக இருப்பவர் அடுத்தவரைக் கொஞ்ச நாள் புலம்ப விட வேண்டும். புலம்புகிறவர் பிள்ளை காதில் விழாத நேரமாகப் பார்த்துப் புலம்ப வேண்டும். எங்கள் வீட்டில் அது அதிகாலைத் தண்ணீர் பிடிக்கிற நேரம்.

அம்மாவே மேட்ச் மேட்ச்சாக அலைந்து, அப்பா எட்டிக்கூடப் பார்க்காத வீடுகளும் உண்டு. அங்கே இதைத் திருப்பிப் போட்டுப் படிக்கவும்.

கடைசி மேட்ச் என்று தெரியாமலே முடிந்த மேட்ச்

இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பராக இருந்த ஸ்ரீஜேஷை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கிட் வாங்கித்தர அவருடைய அப்பா பசுமாட்டை விற்றார் என்பது எங்களைப் போன்ற கீப்பர் அப்பாக்களுக்கு மனப்பாடமான கதை. பாரீஸ் ஒலிம்பிக்தான் கடைசி என்று ஸ்ரீஜேஷ் முன்கூட்டியே சொல்லிவிட்டார். 2024 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கியதும் கோல் போஸ்ட் மேலேயே ஏறி உட்கார்ந்தார். அவருடைய 16-ஆம் எண்ணை சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா சொன்னது. பிரிவு என்றால் அது பிரிவு.

நம் பிள்ளைகளுக்கு அப்படி வாய்ப்பதில்லை. ஏதோ ஒரு வெயில் மதியம் ஏதோ ஒரு கல்லூரி மைதானத்தில் கால் இறுதியில் தோற்று, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகப் பேடைக் கழற்றியிருப்பார்கள். அதுதான் கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. மனதுக்கு உறுத்தலாக இருப்பது பாதி இதுதான். பள்ளிக்கூடத்தை விட்டால் பிரிவு உபசார விழா வைக்கிறோம், ஆட்டத்துக்கு ஒன்றுமில்லை.

ஆகவே சின்னதாக ஒன்று நடத்துங்கள். மண்டபம், பேனர், கேக் எல்லாம் வேண்டாம், பிள்ளைக்குக் கூச்சமாகிவிடும். கூட ஆடிய பிள்ளைகளை ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வரச்சொல்லி, பரோட்டா சால்னா வாங்கிப் போடுங்கள். பேச்சை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் தட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்காருங்கள். நான் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், ஒரு மாநிலப் போட்டியில் இவள் ஹெல்மெட்டுக்குள் வாந்தி எடுத்துவிட்டு அப்படியே இரண்டாம் பாதி முழுக்க ஆடிய கதை காதில் விழுந்தது. அன்றைக்கு நான் வலைக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன், எனக்குத் தெரியாது. பெற்றவன் பார்த்த ஆட்டம் வேறு, பிள்ளை ஆடிய ஆட்டம் வேறு.

கோச்சை மறந்துவிடாதீர்கள். பிள்ளை வருவது நின்றதும் பெரும்பாலான வீடுகளில் கோச்சோடு பேச்சும் நின்றுவிடும். அவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள், வருஷா வருஷம் நாலைந்து பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறார்கள். பிள்ளையையே கூட்டிக்கொண்டு நேரில் போய்ச் சொல்ல வையுங்கள். கையில் ஒரு வேட்டி துண்டு, அல்லது அரைக்கிலோ மிட்டாய். முகத்துக்கு நேரே சொல்லப் பிள்ளை தயங்கினால் முதல் வாக்கியத்தை மட்டும் நீங்கள் சொல்லலாம்.

பேட், கிக்கர், ஹெல்மெட்

இரண்டு வகைத் தப்பு நடக்கிறது. ஒன்று, வருத்தத்தில் எல்லாவற்றையும் மறுநாளே தூக்கிக் கொடுத்துவிடுவது. இன்னொன்று, கண்ணாடி அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவது. இரண்டாவது வகையில் அந்தப் பிள்ளை தன் வீட்டுக் கூடத்திலேயே தன் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

கொஞ்ச நாள் கிட் பேக் கட்டிலுக்கு அடியில் கிடக்கட்டும். ஆனால் ஈரத்தோடு போடாதீர்கள். கீப்பர் பையின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு விளக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. பேடும், பாதத்தில் மாட்டுகிற கிக்கரும் உள்ளே அழுத்தமான ஃபோம். வாளியில் சாதா தண்ணீரும் கொஞ்சம் துணி சோப்புத் தூளும் போட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்து, ஹோஸ் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் கூடாது. மொட்டை மாடியில் சுள்ளென்ற வெயிலில் நாள்கணக்கில் போட்டால் ஃபோம் வெடித்துப் பொரியும். நிழலில், காற்றுப் படுகிற இடத்தில், செங்குத்தாக நிறுத்திக் காயவையுங்கள். கை கவசத்தின் உள்பக்கம் காய எல்லாவற்றையும் விட நாளாகும், ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்தால் சீக்கிரம் உலரும்.

அப்புறம், யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். மட்டை எல்லாரிடமும் இருக்கும், கீப்பர் கிட் அப்படி இல்லை. பல பள்ளிகளில் ஒரே ஒரு செட்தான், அதையும் இரண்டு மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். அதனால் உங்கள் வீட்டு செட்டுக்கு உடனே ஆள் கிடைக்கும். கொடுக்கும் முன் ஹெல்மெட்டில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இருந்தால் கொடுக்கக் கூடாது, அது தலை. தொண்டைக் கவசமும் மார்புக் கவசமும் அடுத்த பிள்ளைக்குச் சரியாக உட்காருகிறதா என்று போட்டுப் பார்த்துக் கொடுங்கள். தனக்கென்று எதையாவது ஒன்று அவள் வைத்துக்கொள்வாள். என் மகள் வைத்துக்கொண்டது இடது கை கவசம் ஒன்றை மட்டும். ஜோடியைப் பிரித்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை.

சர்டிபிகேட்

துக்கமெல்லாம் இருக்கட்டும், இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை நிறுத்திய பிறகும் வேலைக்கும் மேற்படிப்புக்கும் விளையாட்டு ஒதுக்கீடு பயன்படும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் ரயில்வேயும் தனியே எடுக்கிறார்கள்.

கோப்பையோடு தருகிற வண்ணச் சான்றிதழ் மட்டும் அங்கே போதாது, குறிப்பிட்ட படிவத்தில் கேட்பார்கள். மத்திய அரசு வேலைக்குப் படிவம் 1 சர்வதேசப் போட்டிக்கு, அதில் தேசியச் சம்மேளனத்தின் செயலர் கையெழுத்து. படிவம் 2 தேசியப் போட்டிக்கு, அதில் மாநிலச் சங்கச் செயலர். படிவம் 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு, அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை அதிகாரி. படிவம் 4 தேசியப் பள்ளி விளையாட்டுக்கு, அதில் பள்ளிக் கல்வித் துறை அதிகாரி. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் பிள்ளை கல்லூரியில் இருக்கும்போதே உடற்கல்வி இயக்குநரைப் பிடித்து வாங்கிவிடுங்கள்.

பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தாலே கேள்வி கேட்பார்கள். லேமினேஷன் போடாதீர்கள், பின்னால் முத்திரை வைக்க வேண்டி வரலாம். பிளாஸ்டிக் உறை உள்ள ஃபைல் போதும். குடியரசு தின விளையாட்டு, பாரதியார் தின விளையாட்டு என்று குறுவட்ட அளவில் வாங்கியதையும் தூக்கிப் போடாதீர்கள். வேலைக்கு உதவாது, வீட்டுக்கு உதவும்.

சாயங்காலமும் சாப்பாடும்

பயிற்சி நின்ற முதல் மாதம் பசி மட்டும் நிற்காது. தட்டைப் பார்த்து ஒன்றும் சொல்லாதீர்கள், அதுவும் பெண் பிள்ளையிடம். முட்டை முட்டைதான், ஆடினாலும் ஆடாவிட்டாலும். திடீரென்று அடியோடு நிறுத்தாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மெதுவாக ஓடினால் உடம்புக்கும் தூக்கத்துக்கும் நல்லது என்று எங்கள் கோச் சொன்னார். அவள் காதில் போட்டுவைத்தேன், விட்டுவிட்டேன்.

ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாது. அந்த நேரத்தை உடனே கம்ப்யூட்டர் கிளாஸ், வங்கித் தேர்வுப் பயிற்சி என்று ரொப்பாதீர்கள். கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும். என் மகள் சும்மா கிடந்து கிடந்து ஒருநாள் கடைக்கு வந்து ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டே வாரத்தில் சலித்துப்போய் எழுந்துவிட்டாள். பரவாயில்லை. ஆட்டத்தோடு தொடர்பு வேண்டும் என்று அவளாகக் கேட்டால் வழி இருக்கிறது. அம்பயர் ஆகலாம். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வார கோச்சிங் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. உடற்கல்வி ஆசிரியருக்கான பி.பி.எட். படிக்க சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920-லிருந்து இருக்கிறது. கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் உங்களுக்குத் தெரியும் என்பதையே காட்டிக்கொள்ளாதீர்கள்.

தெருவுக்கு ஒரு பதில்

"பிள்ளை இப்பல்லாம் கிரவுண்டுக்குப் போகலையோ?" என்று கேட்பார்கள். பெண் பிள்ளை என்றால் அடுத்த கேள்வி "அப்ப கல்யாணம்தான?" வீட்டில் மூன்று பேரும் ஒரே பதிலைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பதில், "ஆடுனா, போதும்னு தோணுச்சு, நிறுத்திட்டா." இதற்கு மேல் ஒரு சொல்கூட விளக்கம் வேண்டாம். "மழையில் கால் வழுக்கி", "செலக்‌ஷன்ல அரசியல்" என்று நீங்கள் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர் அடுத்த கேள்விக்கு உட்கார்ந்துவிடுவார், பிள்ளை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

நீங்கள் திரும்ப கிரவுண்டுக்குப் போவது

போகலாம். ஆனால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். "நான் போறதுல உனக்கு ஒண்ணும் இல்லையே?" சில பிள்ளைகளுக்குத் தான் விட்ட இடத்தில் அப்பா போய் நிற்பது குத்திக்காட்டுவது மாதிரி படும். வேண்டாம் என்றால் ஆறு மாதம் விட்டுக் கேளுங்கள்.

போனால் சும்மா நிற்காமல் கைவேலை ஒன்றோடு போங்கள். எனக்கு பெல்ட் தைப்பது. கீப்பர் பேடில் முதலில் போவது ஃபோம் இல்லை, காலுக்குப் பின்னால் கட்டுகிற பெல்ட்தான். டர்ஃபில் உராய்ந்து உராய்ந்து, பேடோடு சேர்கிற இடத்தில் நூல் விட்டுவிடும். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் அவர் பேடின் முகம் வரை ஊசி ஏற்றிவிடுவார், அப்புறம் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். நான் செய்வது, பழைய தையலை முழுக்கப் பிரித்து, ஒன்றரை இஞ்ச் நைலான் நாடாவின் வெட்டிய முனையை மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி, 18-ஆம் நம்பர் ஊசியும் நைலான் நூலும் போட்டு, ஓரப் பட்டியில் மட்டும் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் அடிப்பது. அந்தத் தையல் விடாது. நாடா காசு மட்டும் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் கணக்கு எழுதத் தெரிந்தவர் என்றால் ஸ்கோர் எழுதலாம், வண்டி வைத்திருந்தால் பிள்ளைகளைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடலாம். எந்தக் கிரவுண்டிலும் இதற்கெல்லாம் ஆள் பற்றாக்குறைதான்.

புதுக் கீப்பருக்கு நீங்கள் கோச் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள். வலைக்குப் பின்னால் இருக்கிற அந்த இடம் இப்போது அவர்களுடையது, நீங்கள் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே நில்லுங்கள்.

மே மாதம் எங்கள் ஊரில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும், கிருஷ்ணா நகர் டர்ஃபில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில். இந்த வருஷம் மகள்தான், "போலாமாப்பா?" என்றாள். கேலரியில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே, எதிரே நிற்கிற கீப்பரை முதல் கால் மணி நேரத்துக்குள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டாள். இடது பக்கம் சாய்கிறான், கார்னருக்கு ஒரு எட்டு அதிகமாக முன்னால் வருகிறான், பின்னால் நிற்கிறவனோடு பேசுவதே இல்லை. சொன்ன மாதிரியே இடது பக்கம் சாய்ந்து வலது பக்கம் கோல் வாங்கினான். நான் எழுந்து அவனைப் பார்த்து ஏதோ கத்தினேன். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "யப்பா, கீப்பரக் கத்தாதீங்க. டிஃபெண்டரக் கத்துங்க."